தூக்காத கை எந்தக் கணக்கில் சேரும்?

உங்கள் தெரு குடியிருப்போர் நலச்சங்கத்தின் பொதுக்குழுவுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். மடக்கு நாற்காலி, ஒரு மைக், தட்டில் மிக்சர், வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து. தீர்மானத்தைச் செயலாளர் வாசிப்பார். "ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க", "எதிர்க்கிறவங்க கை தூக்குங்க" என்பார். இரண்டு முறையும் கை தூக்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் சிலர் உண்டு. நீங்களே கூட அப்படி இருந்திருக்கலாம். "நமக்கெதுக்கு வம்பு, நான் நடுநிலை" என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பீர்கள்.

அந்தத் தூக்காத கை எந்தக் கணக்கில் சேர்ந்தது என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? நானும் கேட்டதில்லை. போன வருடம் அம்மாவோடு திண்டுக்கல்லில் ஒரு நலச்சங்கக் கூட்டத்துக்குப் போகும்வரை.

அன்றைக்கு விஷயம் இதுதான். சங்கத்தின் துணை விதிப்படி சொந்த வீட்டுக்காரர்கள் மட்டுமே உறுப்பினர் ஆகலாம். வாடகைக்கு இருப்பவர்களும் உறுப்பினர் ஆகலாம் என்று அதைத் திருத்த வேண்டும். எங்கள் எதிர்வீட்டு மாடியில் ஒரு அக்கா 11 வருடமாகக் குடியிருக்கிறார். தண்ணீர்த் தொட்டி பராமரிப்புக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறார், தெருவிளக்குக்குக் கட்டுகிறார், கோயில் பொங்கலுக்கும் கட்டுகிறார். ஆனால் கணக்கு கேட்க முடியாது. உறுப்பினர் இல்லையே. அவரைப் போல எங்கள் தெருவில் பாதிக் குடும்பங்கள். திண்டுக்கல் டவுனில் பூட்டுப் பட்டறைக்கும் மில்லுக்கும் கடைக்கும் வேலைக்கு வந்து வாடகைக்குத் தங்கியவர்கள் இல்லாத தெரு எது?

கூட்டத்துக்கு வந்தவர்கள் 40 பேர். ஆதரவாகக் கை தூக்கியவர்கள் 28. எதிர்த்தவர்கள் 4. மீதி 8 பேர் இரண்டுக்கும் தூக்கவில்லை. அந்த 8 பேரில் என் அம்மாவும் ஒருவர்.

28-க்கு 4. யாராக இருந்தாலும் தீர்மானம் ஜெயித்தது என்றுதான் சொல்வார்கள். கைதட்டக்கூட ஆரம்பித்துவிட்டார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியரான செயலாளர் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தீர்மானம் விழுந்துடுச்சுங்க" என்றார். ஹாலே அமைதியாகிவிட்டது. "ஏண்டி, நாலு பேர் எதிர்த்ததுக்கே விழுந்துடுமா?" என்று அம்மா என்னிடம் கேட்டார். "நாலு இல்லம்மா, பன்னெண்டு" என்று பதில் சொல்ல எனக்கு அப்போது தெரியவில்லை. வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் தெரிந்தது.

பின்னத்தின் கீழே இருக்கும் எண்

சாதாரணத் தீர்மானம் என்றால் குழப்பம் குறைவு. பெரும்பாலும் ஆதரவும் எதிர்ப்பும் எத்தனை என்று எண்ணுவார்கள், எது அதிகமோ அது ஜெயிக்கும். சிக்கல் வருவது சிறப்புப் பெரும்பான்மை தேவைப்படும் இடத்தில். மூன்றில் இரண்டு பங்கு, முக்கால் பங்கு, ஐந்தில் நான்கு பங்கு என்று சட்டம் சொல்லும்போது நாம் எல்லோரும் அந்தப் பங்கைத்தான் மனப்பாடம் செய்கிறோம். எதில் முக்கால் பங்கு என்று கேட்பதில்லை. ஒரு கிலோவில் முக்கால் வேறு, அரைக் கிலோவில் முக்கால் வேறு என்பது கடைக்குப் போகும் குழந்தைக்கும் தெரியும். கூட்டத்தில் மட்டும் மறந்துவிடுகிறோம்.

எதில் பங்கு என்பதற்கு மூன்று விதமான பதில்கள் சட்டங்களில் இருக்கின்றன. வாக்களித்தவர்களில், கூட்டத்துக்கு வந்தவர்களில், மொத்த உறுப்பினர்களில். பள்ளிக்கூடத்துப் பாஷையில் சொன்னால், பின்னத்தின் பகுதி மாறுகிறது. நடுநிலை வகித்தவர் அந்தப் பகுதிக்குள் இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

எங்கள் ஹாலையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி துணை விதியைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். 21 நாள் முன்னறிவிப்பு கொடுத்துக் கூட்டிய பொதுக்குழுவில், வாக்குரிமையோடு வந்திருக்கும் உறுப்பினர்களில் முக்கால் பங்குக்குக் குறையாதவர்கள் ஆதரிக்க வேண்டும். 'வாக்களித்தவர்களில்' அல்ல, 'வந்திருப்பவர்களில்'. 40 பேரில் முக்கால் பங்கு 30. ஆதரவு 28. இரண்டு கை குறைவு.

அதே 40 பேர் ஒட்டன்சத்திரம் பக்கம் காய்கறி விவசாயிகள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் நடத்துவது சங்கம் இல்லை, நிறுவனச் சட்டத்தில் பதிவான உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். அதே 28, அதே 4, அதே 8. நிறுவனச் சட்டம், 2013-ன் 114-ஆம் பிரிவுப்படி, சிறப்புத் தீர்மானத்துக்கு ஆதரவாக விழுந்த வாக்குகள் எதிராக விழுந்த வாக்குகளைப் போல் மூன்று மடங்குக்குக் குறையாமல் இருந்தால் போதும். எதிர்ப்பு 4, மும்மடங்கு 12. ஆதரவு 28. தாராளமாக ஜெயித்துவிடும். சும்மா இருந்த 8 பேரை யாரும் எண்ணப்போவதே இல்லை.

மூன்றாவதாக, மொத்த உறுப்பினர்களில் இத்தனை பங்கு என்று கேட்கும் சட்டம். சங்கத்தில் மொத்தம் 60 உறுப்பினர்கள் இருந்து, மொத்தத்தில் முக்கால் பங்கு கேட்டிருந்தால் 45 கை வேண்டும். வந்ததே 40 பேர்தான். ஒருவர் விடாமல் தூக்கினாலும் தோல்வி. அங்கே வீட்டில் படுத்துத் தூங்கியவரும் எதிர்த்து வாக்களித்தவரும் கணக்கில் ஒன்றுதான்.

ஒரே ஹால், ஒரே கைகள். வாசலில் மாட்டியிருக்கும் போர்டைப் பொறுத்து முடிவு மாறுகிறது.

டீக்கடைக்குப் போனவர்

இதில் எனக்கு ரொம்ப வேடிக்கையாகப் பட்ட விஷயத்தைச் சொல்கிறேன். அந்த 8 பேரில் இரண்டு பேர் ஆதரவாகக் கை தூக்கியிருந்தால் 30 ஆகி, தீர்மானம் நிறைவேறியிருக்கும். சரி, அது எல்லோருக்கும் புரியும். ஆனால் அந்த 8 பேரில் மூன்று பேர் வாக்கெடுப்புக்கு முன்னால் ஹாலைவிட்டு எழுந்து எதிரே டீக்கடைக்குப் போயிருந்தாலும் நிறைவேறியிருக்கும்! 37 பேரில் முக்கால் பங்கு 27.75. ஆதரவு 28. தாண்டிவிட்டது.

ஆக, உள்ளே உட்கார்ந்து கை தூக்காமல் இருப்பதும், வெளியே போய் நிற்பதும் ஒன்றில்லை. 'வந்திருப்பவர்களில்' என்று எண்ணும் இடத்தில், உள்ளே உட்கார்ந்த நடுநிலைக்காரர் எதிர்ப்பு வாக்குப் போட்ட மாதிரிதான். முக்கால் பங்கு விதியில் ஒரு எதிர்ப்பைச் சரிக்கட்ட மூன்று ஆதரவு தேவை. அம்மாவின் தூக்காத கையைச் சரிக்கட்டவும் மூன்று கை தேவைப்பட்டது. இதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கை இங்கே எழுதினால் எனக்கு இரவுச் சாப்பாடு கிடைக்காது.

இதிலேயே ஒரு சண்டையும் இருக்கிறது. வந்திருப்பவர்கள் என்றால் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட எல்லோருமா, வாக்கெடுப்பு நேரத்தில் உள்ளே இருப்பவர்களா? காலை 10 மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு 10.30-க்குப் பஸ் பிடித்தவரை எப்படி எண்ணுவது? பின்னால் வழக்கு வரைக்கும் போகக்கூடிய கேள்வி இது. வாக்கெடுப்பை ஆரம்பிக்கும் முன்பு ஹாலுக்குள் இருக்கும் தலைகளை எண்ணி, அந்த எண்ணைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுவதுதான் வழி. ஆதரவு இத்தனை, எதிர்ப்பு இத்தனை, வாக்களிக்காதவர் இத்தனை என்று மூன்றையும் எழுத வேண்டும். "பெருவாரியான ஆதரவுடன் நிறைவேறியது" என்று ஒரே வரியில் முடிக்கிற பழக்கம் நம் ஊர்ச் சங்கங்களில் நிறைய உண்டு. அந்த வரியை வைத்து யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது.

இன்னொன்று, குறைவெண். சும்மா உட்கார்ந்திருப்பவரும் குறைவெண்ணில் சேர்வார். கிராம சபையை எடுத்துக்கொண்டால், மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். அங்கே வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பவரும் கூட்டம் செல்லுபடியாக உதவி செய்கிறார். டீக்கடைக்குப் போகும் யோசனையில் இருக்கிற ஆபத்தும் இதுதான். அளவுக்கு மேல் ஆட்கள் வெளியே போனால் குறைவெண் குறைந்து கூட்டமே நின்றுபோகலாம்.

ஒரு வாக்கின் மூன்றில் ஒரு பங்கு

நலச்சங்கத்தில் நடந்ததைப் பெரிய இடத்திலும் பார்க்கலாம். 1970-இல் மன்னர் மானிய ஒழிப்புக்கான அரசியலமைப்புத் திருத்த மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. இந்தியாவோடு இணைந்த சமஸ்தானங்களின் முன்னாள் மன்னர்களுக்கு அரசு ஆண்டுதோறும் கொடுத்துவந்த பணத்தை நிறுத்துவதுதான் நோக்கம். நமக்குப் பக்கத்தில், 1948-இல் இந்தியாவோடு இணைந்த புதுக்கோட்டை சமஸ்தானமும் அந்த வரிசையில் உண்டு.

அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 368-ஆம் பிரிவு இரண்டு சோதனைகள் வைக்கிறது. ஒன்று, அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு. இரண்டு, வந்திருந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத ஆதரவு. மக்களவையில் மசோதா நிறைவேறியது. செப்டம்பர் 5-ஆம் தேதி மாநிலங்களவையில் ஆதரவு 149, எதிர்ப்பு 75. முதல் சோதனையில் பிரச்சினை இல்லை. இரண்டாவதில், வாக்களித்தவர்கள் 224 பேர், அதில் மூன்றில் இரண்டு பங்கு 149.33. ஆதரவு 149. ஒரு வாக்கில் மூன்றில் ஒரு பங்கு குறைந்து மசோதா தோற்றது.

இப்போது நம் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எதிர்த்த 75 பேரில் ஒரே ஒருவர் மட்டும் வாக்களிக்காமல் இருந்திருந்தால்? வாக்களித்தவர்கள் 223. மூன்றில் இரண்டு பங்கு 148.67. அதே 149 வாக்குகளுக்கு மசோதா நிறைவேறியிருக்கும். ஆதரவுப் பக்கம் ஒரு ஆள்கூடக் கூட வேண்டியதில்லை.

எங்கள் ஹாலுக்கு நேர் தலைகீழ் இது. அங்கே சும்மா இருந்தவர்கள் தீர்மானத்தைத் தோற்கடித்தார்கள். மாநிலங்களவையில் ஒருவர் சும்மா இருந்திருந்தால் மசோதா ஜெயித்திருக்கும். 'வந்திருந்து வாக்களிப்பவர்களில்' என்ற சொற்களில் 'வாக்களிப்பவர்' என்ற ஒரு சொல் செய்கிற வேலை இது. (மானியம் எப்படியும் நீண்ட நாள் நீடிக்கவில்லை. 1971-இல் 26-ஆவது திருத்தத்தின் மூலம் ஒழிக்கப்பட்டது.)

நாடாளுமன்றத்தில் மின்னணு முறையில் வாக்களிக்கும்போது ஆதரவு, எதிர்ப்பு என்ற இரண்டு பொத்தான்களோடு விலகியிருப்பதாகப் பதிவு செய்யவும் தனியே ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தியவரும், வெளிநடப்பு செய்து வெளியே போனவரும் மூன்றில் இரண்டு பங்குக் கணக்கில் சேர மாட்டார்கள். ஆனால் மொத்த உறுப்பினர் கணக்கில் அவர்களின் இடம் அப்படியே இருக்கும். 2016 ஆகஸ்ட் 3-இல் சரக்கு மற்றும் சேவை வரிக்கான திருத்த மசோதா மாநிலங்களவையில் 203-க்கு 0 என்று நிறைவேறியது. எதிர்ப்பே இல்லை என்று அர்த்தமா? இல்லை. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு கட்சியின் உறுப்பினர்கள் எதிர்ப்புத் தெரிவித்து வெளிநடப்பு செய்திருந்தார்கள். அந்த எதிர்ப்பு அவைக் குறிப்பில் இருக்கும், வாக்குக் கணக்கில் இருக்காது.

கடல் தாண்டி இலங்கைக்குப் போனால் விதி வேறு. அங்கும் அரசியலமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்குதான். ஆனால் வராதவர்களையும் சேர்த்து மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு. 225 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் 150. அன்றைக்கு யார் வந்தாலும் வராவிட்டாலும் 150 அசையாது. அங்கே விலகி நிற்பவர் எதிர்ப்பவருக்குச் சமம். பக்கத்துப் பக்கத்து நாடுகள், ஒரே 'மூன்றில் இரண்டு', இரண்டு வேறு கணக்கு.

ஊராட்சியில் எப்படி?

உள்ளாட்சி மன்றங்களில் இது அடிக்கடி செய்தியில் வரும். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-ன்படி கிராம ஊராட்சித் துணைத் தலைவர் மீதோ, ஊராட்சி ஒன்றியக் குழுத் தலைவர், துணைத் தலைவர் மீதோ நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரலாம். நிறைவேற ஐந்தில் நான்கு பங்கு ஆதரவு வேண்டும். எதில்? மன்றத்தின் அனுமதிக்கப்பட்ட உறுப்பினர் எண்ணிக்கையில்.

நம் திண்டுக்கல் மாவட்டத்தில் 14 ஊராட்சி ஒன்றியங்கள், 306 கிராம ஊராட்சிகள். ஏதோ ஒரு ஒன்றியக் குழுவில் 20 உறுப்பினர்கள் என்று வைத்துக்கொள்வோம். தீர்மானத்துக்கு 16 பேர் வேண்டும். 15 பேர் வந்து 15 பேரும் ஆதரித்து, எதிர்ப்பு பூஜ்யம் என்றாலும் தீர்மானம் தோற்கும். அதனால்தான் இந்த மாதிரிக் கூட்டங்களில் பதவியில் இருப்பவரின் பக்கம் உள்ளவர்கள் வந்து வாதாட வேண்டிய அவசியமே இருப்பதில்லை. வராமல் இருந்தால் போதும். "நான் கூட்டத்துக்கே போகல, எனக்கு இதுல சம்பந்தமில்ல" என்று உங்கள் வார்டு உறுப்பினர் சொன்னால், அவர் சம்பந்தப்பட்டுத்தான் இருக்கிறார் என்று உங்களுக்கு இப்போது புரியும்.

மாநகராட்சியிலும் இதைப் பார்த்தோம். 2024 ஜூலை 29-இல் காஞ்சிபுரம் மாநகராட்சியில் மேயர் மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குக் கூட்டம் கூட்டப்பட்டது. மாமன்ற உறுப்பினர் ஒருவர்கூட வரவில்லை. தீர்மானம் தோற்றது, மேயர் நீடித்தார். யாரும் 'வேண்டாம்' என்று வாக்களிக்கவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

இதே மொத்தக் கணக்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் வரும். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர்கள் சட்டத்தின்படி, பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும். 24 வீடு என்றால் 16 சம்மதம். சிங்கப்பூரில் இருந்துகொண்டு வாட்ஸ்அப் மெசேஜைப் பார்த்துவிட்டு நீல டிக்கோடு விட்டுவிடும் வீட்டுக்காரரின் மௌனமும் இங்கே மறுப்புதான். மேல்தளத்தில் விரிசல் விட்டு ஒழுகும் வீட்டில் இருப்பவருக்கு அந்த மௌனத்தின் விலை தெரியும்.

தேர்தலில் நோட்டாவும் இப்படித்தானா என்று கேட்பீர்கள். இல்லை. 2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வந்த நோட்டா எண்ணப்படும், அறிவிக்கப்படும். ஆனால் சட்டமன்ற, மக்களவைத் தேர்தலில் ஒரு வேட்பாளர் இத்தனை பங்கு வாக்கு வாங்க வேண்டும் என்ற விதி கிடையாது. வேட்பாளர்களில் யாருக்கு அதிகமோ அவர் வெற்றி. பங்கே இல்லாத இடத்தில் பகுதி மாறினால் என்ன, மாறாவிட்டால் என்ன.

அப்படியென்றால் நடுநிலை வகிப்பதே தப்பா? தப்பில்லை. நியாயமான காரணங்கள் இருக்கின்றன. சங்கத்தின் பெயின்டிங் வேலையை உங்கள் மைத்துனருக்குக் கொடுக்கலாமா என்று வாக்கெடுப்பு நடக்கும்போது நீங்கள் விலகி இருப்பதுதான் முறை. அப்படி விலகும்போது காரணத்தைச் சொல்லிவிட்டு ஹாலைவிட்டு வெளியே போங்கள், அதைப் புத்தகத்தில் எழுதவும் சொல்லுங்கள். உள்ளேயே உட்கார்ந்திருந்தால் நீங்கள் நினைக்காத பக்கம் உங்கள் எடை விழலாம். விவரம் போதவில்லை என்பதற்காக விலகுகிறீர்கள் என்றால், கை தூக்காமல் இருப்பதைவிட "இதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைங்க" என்று கேட்பது மேல். அதற்கும் ஒரு வாக்கெடுப்பு நடத்தலாம், பெரும்பாலும் சாதாரணப் பெரும்பான்மையே போதும்.

உங்கள் சங்கத்தில் எந்தக் கணக்கு என்று தெரிந்துகொள்ள, பதிவு செய்த துணை விதிகளைப் பாருங்கள். செயலாளரிடம் கேட்கலாம். அவர் "இருக்கு, தேடணும்" என்று இழுத்தால், சங்கம் பதிவான மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி நகல் பெறலாம். அதில் 'வந்திருக்கும்', 'வாக்களிக்கும்', 'மொத்த' என்ற மூன்று சொற்களில் எது இருக்கிறது என்று தேடுங்கள். சட்டம் ஒன்று சொல்லி, துணை விதி வேறு சொன்னால் சட்டம்தான் நிற்கும். மகளிர் சுய உதவிக் குழு, ஊர்க் கமிட்டி போல எழுத்தில் விதியே தெளிவாக இல்லாத இடங்களில், பிரச்சினை இல்லாத ஒரு நாளில் உட்கார்ந்து இதை முடிவு செய்து எழுதி வைத்துவிடுங்கள். பிரச்சினை வந்த பிறகு அவரவர் தனக்குச் சாதகமான கணக்கைத்தான் சொல்வார்கள்.

எங்கள் தெருவில் அந்தத் தீர்மானம் மறுபடியும் வருகிறது. 21 நாள் நோட்டீஸ் போன வாரம் வந்தது. இந்த முறை செயலாளர் திருத்தத்தின் வாசகத்தை முழுதாக அச்சடித்து, கீழே 'வாக்களிக்காதவர்களும் வந்திருப்பவர்கள் கணக்கில் சேர்வார்கள்' என்று ஒரு வரியும் போட்டிருக்கிறார். அம்மா அதைக் காலண்டர் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். எந்தப் பக்கம் கை தூக்கப்போகிறார் என்று கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறார். மாடி வீட்டு அக்காவிடம், தண்ணீர்த் தொட்டிக்குக் கட்டின ரசீதுகளை எல்லாம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.